காற்றைக் கூட்டிய கை

இன்று காலை சித்தூர் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். இடது கையில் புத்தூர்க் கட்டு. மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய துணி, அதற்கடியிலிருந்து பச்சிலை அரைத்த வாடை. ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஆனாலும் எனக்கு மூச்சு முட்டியது. ஃபேக்டரிக்கு இன்னும் இரண்டு ஸ்டாப் இருக்கும்போதே இறங்கி வெயிலில் நடந்து போனேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது மச்சான். அந்த வாடைக்கு மட்டும் நான் இன்னும் பழகவில்லை.

உன்னிடம் சொல்ல வேண்டியது வேறு ஒன்று. உன் மகள் ரேவதி நம் மெஷினுக்கே ஆபரேட்டராக வந்திருக்கிறாள். பிளாஸ்டிக் டிப்ளமோ முடித்தவள், வேறு இடத்தில் வேலை கிடைக்காமல் இல்லை. "நைனா நின்ன எடத்துல நானும் நிக்கணும் மாமா" என்றாள். சொன்னபடியே மேல்தட்டில் ஏறி நிற்கிறாள். அதைக் கீழிருந்து நான் பார்க்க வேண்டியிருக்கிறது.

உனக்குத் தெரியாத மெஷினா? ஆனாலும் சொல்கிறேன், அதைச் சொல்லாமல் அந்த நாளுக்குப் போக எனக்கு வழி தெரியவில்லை. கீழே டை என்ற அச்சிலிருந்து உருகிய பிளாஸ்டிக் வட்டமாக எழும். உள்ளே காற்றை அடைத்து அதை இரண்டாள் உயரத்துக்கு மேல் ஊதி நிறுத்துவோம். அதுதான் பபுள். அடியில் அதைச் சுற்றி ஏர் ரிங் என்ற வளையம், ப்ளோயர் காற்றை அடித்து அதை ஆற வைக்கும். கண்ணாடி போல வருவது ஓர் உயரத்தில் ஆறி மங்கும். மங்கத் தொடங்கும் அந்தக் கோடு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். காற்று குறைந்தால் கோடு ஏறி பபுள் தள்ளாடும். அதிகமானால் படபடவென்று அடித்துக்கொண்டு கிழியும். ப்ளோயர் டயலில் நான். பபுள் ஆடாமல் பிடிக்கும் உருளைகளைச் சரிசெய்ய மேலே நீ. இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால், நீ கையைத் தூக்கினால் நான் காற்றைத் தொடக்கூடாது. நமக்குள் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். பஸ் நிற்பதற்குள் குதிக்கிற ஆள். கோடு இரண்டு விரல் ஏறினாலே என் கை டயலுக்குப் போகும். "கோடு தானா எறங்கும்டா, மொதல்ல உன் சூடு எறங்கட்டும்" என்று சிரிப்பாய். பயந்தாங்கொள்ளி என்று உன்னைக் கிண்டல் செய்வேன். ஓனர் மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு முறை அவசரப்பட்டு பபுளைக் கிழித்தால் வீட்டுக்குப் போய்விடு என்று சொல்லியிருந்தார்.

அன்றைக்கு மே மாதத்து மத்தியானம். மாம்பழக் கூழ் டிரம்முக்குள் போடும் பிளாஸ்டிக் பை ஓடிக்கொண்டிருந்தது. தகரக் கூரைக்கடியில் ப்ளோயர் உறிஞ்சியதே அனல்தான். கோடு ஏறிக்கொண்டே போனது. நீ மேலே ஓர் உருளையை நகர்த்த உடம்பை வெளியே சாய்த்திருந்தாய். ஒரு கையைத் தூக்கியிருந்தாய். நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இத்தனை வருஷமும் எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன். பார்த்துவிட்டுத்தான் திருப்பினேன்.

பபுள் ஒருபக்கமாக எகிறி உருளையில் மாட்டிக் கிழிந்தது. சூடான ஃபிலிம் உன் கையில் சுற்றியது. நீ கையை உதறினாய், அடுத்த கணம் கீழே கிடந்தாய். ஓனர் "ஏமயிந்தி? ஏமயிந்தி?" என்று ஓடிவந்தார். என்ன நடந்தது என்று அவர் உன்னைக் கேட்க, நீ என்னைப் பார்த்தாய்.

"கால் வழுக்கிடுச்சி சார்."

புத்தூரில் எலும்பை இழுத்து வைத்தபோது உன் வலது கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ஏன் திருப்பினாய் என்று இப்போது கேட்பாய், இப்போது கேட்பாய் என்று காத்திருந்தேன். நீயோ, "மெஷின் ஓடிக்கினு கீதா?" என்றுதான் கேட்டாய். அதன் பிறகு முறிந்த இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. உன்னை ரோல் சுற்றும் இடத்துக்கு மாற்றினார்கள். அப்புறம் அந்த நெஞ்சுவலி, திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது. அதற்கும் கைக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன ஆகப்போகிறது?

நீ விழுந்த மறுவாரமே ஒரு தகரத்தில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி மாட்டினேன். மேலே ஆள் இருந்தால் காற்றைத் தொடாதே. அதைக் காட்டி, ஜாக்கிரதையான ஆள் என்று புதிதாக வருகிறவர்களிடம் ஓனர் என்னைப் புகழ்கிறார். ஒவ்வொரு தடவையும் எனக்குக் காது சுடுகிறது.

இன்று புது ஏர் ரிங்கைப் பொருத்தி ஓட்டினோம். பழைய வளையத்தில் ஃபிலிம் ஒருபக்கம் தடிப்பாகவும் ஒருபக்கம் மெல்லியதாகவும் வந்து, கூழ்க் கம்பெனி ரோல்களைத் திருப்பி அனுப்பியிருந்தது. ரேவதி இடுப்பில் பாதுகாப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"மாமா, நான் மேல நின்னு பாக்கறேன். நீ கொஞ்சம் கொஞ்சமா காத்த ஏத்து. எப்ப ஆட ஆரம்பிக்குதுன்னு மேலருந்துதான் தெரியும்."

"மேல ஆள் இருந்தா தொடமாட்டேன். போர்டு பாக்கல?"

"அது நீ எழுதனதுதான? கொக்கி மாட்டிக்கினுதான் நிக்கப் போறேன். அப்புறம் இன்னா பயம்?"

அவள் ஏறிவிட்டாள். டயலில் வைத்த என் விரல்கள் வியர்த்து வழுக்கின. அவள் நின்ற விதம், சாய்ந்த விதம் எல்லாம் நீயாகவே இருந்தது. என்னால் முடியவில்லை. சைகை காட்டிக் கீழே வரச்சொல்லி, வெளியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனேன்.

"அன்னிக்கி உங்க நைனாக்கு கால் வழுக்கலம்மா. கை தூக்கிக்கினுதான் இருந்தான். நான் பாத்துட்டே திருப்பனேன்."

அவள் என்னையே பார்த்தாள்.

"எவ்ளோ திருப்பன?"

"பாதி டயல்."

பாதி டயல் என்றால் பபுள் கிழிந்தே தீரும் என்று அவளுக்குத் தெரியும். வேறு யாராக இருந்தாலும் நான் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். தொட்டியில் முகத்தைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். நேராக ஓனரிடம் போவாள், இல்லையென்றால் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள் என்று நினைத்தேன். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு மறுபடி ஏறினாள்.

மேலிருந்து கையைத் தூக்கினாள். நான் டயலிலிருந்து கையை எடுத்தேன். தூக்கிய கையை அவள் இறக்கவே இல்லை. கோடு ஏறியது, பபுள் லேசாக ஆடியது, நான் நின்றேன். பிறகு கையை இறக்கி ஒரு விரலைக் காட்டினாள். டயலை ஒரே ஒரு புள்ளி திருப்பினேன். பபுள் குலுங்கி நின்றது. மறுபடி கை தூக்கினாள். சாயங்காலம் வரை இப்படியே புள்ளி புள்ளியாகப் போனோம். ஃபிலிம் சுற்றிலும் ஒரே தடிப்பில் வந்தது. என்னிடம் அவள் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து டயலுக்கு வேறு ஆளைப் போடட்டுமா என்று ஓனர் அவளிடம் கேட்டார்.

"வேணா சார். மாமாவே நிக்கட்டும்" என்றாள்.

அது மன்னிப்பா தண்டனையா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. நாளைக் காலை அவள் ஏறுவாள், கீழே நான் நிற்பேன். பயமாக இருக்கிறது மச்சான். இந்தப் பயம் குறையாமல் இருக்கும் வரைக்கும்தான் நான் அந்த டயலைத் தொடலாம்.