நானா கேட்ட சட்டை

நானா,

இன்று காலை மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் சுற்றி வைத்திருந்த பெட்டியைப் பிரித்தேன். அவுரி நீலச் சாயம் போட்ட சட்டைகள். மூடியைத் திறந்ததும் அந்தப் புளித்த வாடை கடை முழுக்கப் பரவிவிட்டது. சென்னைக் கைத்தறிக் கண்காட்சியில் முதல்முறை இந்தச் சட்டையை எடுத்து முகர்ந்துவிட்டு, "என்ன தம்பி, ஆட்டுக்கொட்டாய் மாதிரில்ல வாடை அடிக்குது. இத எந்த மாப்பிள்ளைக்கு விக்கிறது?" என்றீர்கள். நெய்தவர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் அந்தக் குவியலை அப்படியே வாங்கிக்கொண்டீர்கள். பாதி வழி வரைக்கும் உங்களை நீங்களே திட்டிக்கொண்டு வந்தீர்கள்.

இருபது வருஷம் சவூதியில் ஆண்கள் துணிக்கடையில் நின்றவர் நீங்கள். ஊருக்குத் திரும்பி வந்து, கோவில்பத்திலிருந்து சைக்கிளில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டீர்கள். "காரைக்கால்ல எல்லாக் கடையிலயும் ஒரே மில் சட்டைதான் தொங்குது. கையால நெய்யிறவங்க, தைக்கிறவங்ககிட்ட நேரா வாங்கி விப்போம். நீ சேர்ந்துக்கிறியா?" அண்ணனை உங்கள் வீடுகளில் நானா என்பார்கள். கூட்டாளியான நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கினேன். உங்கள் மனைவி எனக்கு லாத்தா, அக்கா ஆனார்கள்.

கண்காட்சி என்றால் உங்களுக்குப் பேச்சுதான். ஒரு லுங்கியை எடுத்தால் அதன் கரையைப் பற்றி, நெய்தவரின் ஊரைப் பற்றி, அவர் மகளின் படிப்பைப் பற்றிப் பேசி முடித்துத்தான் விலைக்கு வருவீர்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் நாற்காலியை நகர்த்திப் போட்டு வந்து கேட்பார்கள். அதனால் குரல் கரகரத்தபோது நாம் இருவருமே கண்காட்சியைத்தான் காரணம் சொன்னோம். "பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கிச்சு" என்று சிரித்தீர்கள். மிளகுப்பால் குடித்தீர்கள். குரல் திரும்பவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, குரல்வளையையே எடுத்தால்தான் உயிர் என்றார்கள். சவூதி அறையில் பிடித்த சிகரெட்டை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அது உங்களை விட்டிருக்கவில்லை.

அறுவைக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தீர்கள். "லாத்தாவப் பாத்துக்க" என்பதுபோல ஏதாவது சொல்வீர்கள் என்று நினைத்தேன். "தம்பி, வெயில் அடிக்குது, வாசல்ல தொங்குற சட்டைய உள்ள எடுத்துப் போடு. சாயம் வெளுத்துரும்" என்றீர்கள். உங்கள் குரலில் நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அடுத்த கண்காட்சிக்கு நீங்கள் வர வேண்டாம் என்று லாத்தா அழுதார்கள். நீங்கள் கேட்கவில்லை. கழுத்தில் மூச்சுக்காக வைத்த துளையோடு, மேல் பித்தான்களைத் திறந்து விட்டுக்கொண்டு வந்தீர்கள். செல்போனில் தட்டிக் காட்டுவீர்கள், நான் வாய்விட்டுச் சொல்வேன். வேண்டாம் என்றால் என் முழங்கையை அழுத்துவீர்கள்.

மூன்றாவதோ நான்காவதோ கடையில் உங்களுக்கு இருமல் வந்தது. கைக்குட்டையை எடுப்பதற்குள் துளை வழியாகச் சளி தெறித்து, அடுக்கி வைத்திருந்த வெள்ளைக் குர்தாவின் மேல் விழுந்தது. கடைக்காரர் பின்னால் நகர்ந்தார். "சார், இவரக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போங்க. கஸ்டமர் வர்ற நேரம்" என்று என்னிடம் சொன்னார். உங்களிடம் சொல்லவில்லை. குரல் போனதும் காதும் போய்விட்டதென்று நினைத்தார் போலும். நான் பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தேன். நீங்கள் என் முழங்கையை அழுத்தினீர்கள். அந்தக் குர்தாவை எடுத்து மடித்து உங்கள் பையில் வைத்துக்கொண்டு, அதற்கான பணத்தை மேசையில் வைத்தீர்கள். பிறகு வெளியே போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். "ஊருக்குப் போயிருவோம்" என்று தட்டிக் காட்டினீர்கள். அதில் எழுத்துப் பிழை இருந்தது.

வாசலுக்குப் போகும் வழியில்தான் சரசு அக்கா கடை. பவானிப் பக்கத்துக்காரர். கணவர் நெய்வார், இவர் சட்டை தைப்பார். "என்னங்க பாய், பேசாமப் போறீங்க? போன வருசம் ஒரு சட்டைக்கு என்னைய எந்தப் பாடு படுத்துனீங்க" என்று கூப்பிட்டவர், கழுத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஐயோ பாவம் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. கிட்டே வந்து துளையைப் பார்த்தார்.

"காலரை மூடுனா மூச்சு முட்டும். தொறந்து வெச்சா எல்லாரும் பாப்பாங்க. அதானுங்களே?"

நீங்கள் தலையாட்டினீர்கள்.

"உக்காருங்க" என்றார். அளவு சரிபார்த்துத் தருவதற்காகத் தையல் மெஷினைக் கடையிலேயே வைத்திருந்தார். ஒரு சட்டையின் காலரைப் பிரித்துக் கொஞ்சம் உயர்த்தி, தளர்வாக வைத்தார். உள்ளே காற்று புகுகிற மெல்லிய துணியில் ஒரு மடிப்பு. பித்தானை எடுத்துவிட்டு, இருமல் வந்தால் ஒரே கையால் இழுத்துத் திறக்கிற மாதிரி நாடா. போட்டுப் பார்த்தீர்கள். எதிரே வந்தவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். கழுத்தை யாரும் பார்க்கவில்லை. கண்ணாடி முன் வெகுநேரம் நின்றீர்கள். பிறகு போனில் தட்டி அவரிடமே நீட்டினீர்கள். "இதே மாதிரி ஆஸ்பத்திரி வார்டுக்கு வேணும். சின்ன சைஸ் நெறைய வைங்க. அங்க எல்லாரும் மெலிஞ்சு போறாங்க."

அந்த வருஷம் நாம் கொடுத்த பெரிய ஆர்டர் அதுதான்.

சட்டைகள் வருவதற்குள் நோய் திரும்பிவிட்டது. இந்த முறை அறுக்க ஒன்றுமில்லை என்றார்கள். கடைசி நாட்களில் போனைத் தூக்கவும் உங்களுக்குப் பலமில்லை. லாத்தா உங்கள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். நான் வந்து உட்கார்ந்தால் கண்ணை மட்டும் திருப்புவீர்கள். வலியில் நீங்கள் அழுதபோது சத்தமே வரவில்லை, நானா. அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் மவுத்தானதும், உடலைச் சுற்றும் துணியைப் பற்றி லாத்தா சொன்னது ஒன்றுதான். "கபன் துணிக்கு வெளிய போவாதீங்க தம்பி. நம்ம கடையிலேர்ந்தே கொண்டு வாங்க." வெள்ளைக் கைத்தறிப் பீஸை எடுத்து வந்து கத்திரியைத் தேடினேன். பள்ளிவாசலிலிருந்து வந்த பெரியவர், "கத்திரி வேணாங்க, கையாலயே கிழிங்க" என்றார். கிழித்தேன். தையல் இல்லை, பித்தான் இல்லை, கழுத்து வெட்டு இல்லை. வாழ்நாளெல்லாம் ஆண்களுக்கு உடுப்புத் தேடி அலைந்தவருக்கு நான் கொடுத்தது அது.

பார்சல் அதற்குப் பிறகுதான் வந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரி வார்டுக்கு எடுத்துப் போனேன். நீங்கள் போனில் பெயர் எழுதி வைத்திருந்தவர்களில் சிலர் இல்லை. அவர்கள் கட்டிலில் வேறு ஆட்கள். பட்டினச்சேரியிலிருந்து பரிசோதனைக்கு வந்த ஒருவர் இருந்தார். முன்பு மீன் ஏலம் கூறும்போது அவர் குரல் துறைமுகம் முழுக்கக் கேட்கும் என்று அவர் மனைவி சொன்னார். சட்டையை மாட்டி நாடாவைக் கட்டிவிட்டு, "ஊட்ட விட்டு வெளிய வரவே மாட்டேங்குறாருங்க. புள்ளைங்க பயப்புடுதுன்னு தனியா உக்காந்து சாப்புடுறாரு. இதப் போட்டுக்கிட்டாவது வருவாரா?" என்று கேட்டார்.  கணவர் காலரைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஒவ்வொரு கண்காட்சியிலும் சரசு அக்காவிடம் அந்தச் சட்டைக்குச் சொல்லிவிட்டு வருகிறேன். யாரிடமும் விலை வாங்குவதில்லை. பூவத்திலிருந்தும் வருகிறார்கள், நாகப்பட்டினத்திலிருந்தும் வருகிறார்கள். பெரும்பாலும் மனைவியோ மகளோதான் வந்து, மற்ற வாடிக்கையாளர்கள் போகும்வரை காத்திருந்து, மெதுவாகக் கேட்கிறார்கள். மற்ற சரக்கெல்லாம் சீக்கிரம் விற்க வேண்டும் என்று நினைக்கிற வியாபாரிதான் நான். இந்தச் சட்டை மட்டும் ஒரு வருஷமாவது யாரும் கேட்காமல், அலமாரியிலேயே பழசாகிப் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

ஆனால் வருஷம் முடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது, நானா. சின்ன சைஸ்தான் முதலில் தீர்கிறது.