வாசலில் வாங்கிவைத்த பேர்

14.6.2023, புதன்

இன்று பள்ளி திறந்தோம். பள்ளி என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. தகரக் கூரை போட்ட ஒரு கூடம், இரண்டு கரும்பலகை, டீச்சராக நான், சமையலுக்கும் காவலுக்கும் இந்த மாதம் சேர்ந்த ஞானம்மா. பின்கட்டில் நான் நடத்தும் இல்லத்துப் பெண்பிள்ளைகள் எட்டுப் பேர். செங்கல் சூளையிலிருந்தும் சிப்காட் லைன் வீடுகளிலிருந்தும் வந்தவர்கள் பதின்மூன்று பேர்.

சபை மூப்பர்கள் வந்து ஜெபம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். பதினோரு மணி வரை பார்த்தேன், ஒருவரும் வரவில்லை. கேசரி ஆறிப்போனது. நானே ஜெபித்து நானே ஆமென் சொன்னேன். முப்பத்துமூன்று வருஷம் அரசுப் பள்ளியில் கத்திய தொண்டை, ஆமென் கொஞ்சம் பலமாகவே வந்தது. சூளைப் பிள்ளை ஒன்று பயந்து அழுதுவிட்டது.

பலகையைத் துடைத்தால் பத்து நிமிஷத்தில் இரும்பு மில் தூசு படிந்துவிடுகிறது. அதன் மேலேயே 'அ' எழுதினேன்.

18.6.2023, ஞாயிறு

புதிதாக வந்த பிள்ளைக்கு இன்று பேர் வைத்தோம். நர்மதா இனிமேல் எஸ்தர்.

நான் வளர்ந்த ஹோமில் இப்படித்தான். வந்த முதல் ஞாயிறு குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, எல்லார் முன்னாலும் நிறுத்தி ஒரு பேரைச் சொல்வார்கள். எல்லாரும் மூன்று தடவை அந்தப் பேரால் கூப்பிட வேண்டும். கையில் ஒரு லட்டு. ஞானஸ்நானம் எல்லாம் இல்லை, பேர் மட்டும்தான். பழைய பேரோடு பழைய கஷ்டமும் போகட்டும் என்பார் பெரிய மிஸ். எனக்கு மெர்சி என்று வைத்தவர் அவர்தான். அப்போது எனக்கு மூன்று வயதாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை.

ஏப்ரலில் ஸ்நேகாவுக்கும் அப்படித்தான் வைத்தேன். இல்லத்துக்கு வந்த முதல் பிள்ளை. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் தனியாக நின்றவளைப் போலீஸ் பார்த்து, திருவள்ளூர் குழந்தைகள் நலக் குழு இங்கே அனுப்பியது. ஆறு வயது இருக்கும். பேர் பச்சையம்மா என்று மட்டும் சொன்னாள். ஊர், அப்பா, அம்மா — எதைக் கேட்டாலும் வாய் திறக்கவில்லை. பேர் வைத்த அன்று லட்டைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள், எறும்பு மொய்க்கும் வரை.

22.6.2023, வியாழன்

என் பிறந்தநாள். அதாவது, ஹோமில் என்னைக் கொண்டுவந்து விட்ட தேதி. ஒரு போன்கூட வரவில்லை, மொபைல் கம்பெனிக்காரனைத் தவிர.

5.7.2023, புதன்

ஸ்நேகாவுக்குக் காய்ச்சல். மதியம் முழுக்க ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறக்காமல் "ம்மா" என்றாள். என்னை இல்லை. தெரியும். தெரிந்துதான் "என்னம்மா" என்று கேட்டேன்.

அறுபது வயதில் ஒருத்திக்கு இது தேவையா?

6.7.2023, வியாழன்

காய்ச்சல் விட்டது. கஞ்சி வேண்டாம், கருவாடு வேண்டும் என்கிறாள். இவளுக்கு வாய் இருக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது. ஞானம்மா சுட்டுக் கொடுத்தாள். முள்ளை ஸ்நேகா எடுக்கும் லாகவத்தைப் பார்த்தால் கடலோரத்துப் பிள்ளை மாதிரி இருக்கிறது. குழுவிடம் சொல்ல வேண்டும்.

(சொல்லவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருக்கிறேன். — 20.7)

11.8.2023, வெள்ளி

உரிமப் பேப்பருக்காகக் காலையிலேயே திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் போய், மேஜை மேஜையாக நின்று, சாயங்காலம் திரும்பினேன். காபி குடிக்கும்போது ஞானம்மா, பால்காரர் வந்துபோனதைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

"பச்சையம்மான்னு ஒரு கொயந்த கீதான்னு கேட்டுகினு ஒரு பொம்பள வந்துச்சு மிஸ். அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லன்னு அனுப்பிட்டேன்."

அவள் மேல் தப்பில்லை. அவள் சேர்ந்தபோதே ஸ்நேகா ஸ்நேகாதான். வருகைப் பதிவேட்டிலும் அந்தப் பேர்தான். பழைய பேர் குழுவின் உத்தரவில் மட்டும் இருக்கிறது, அது என் பீரோவில். தெரியாதவர்களைக் கேட்டுக்குள் விடக்கூடாது என்று கட்டளை போட்டவளும் நான்தான்.

அந்த நேரம் பிள்ளை முப்பது அடி தள்ளி, கூடத்தில், இரண்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வந்தவள் வேறு என்ன சொன்னாள் என்று கேட்டேன். இன்னும் ரெண்டு ஹோம் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாளாம். சரி என்றேன். காபியை முழுசும் குடித்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

12.8.2023, சனி

எழுத ஒன்றுமில்லை.

13.8.2023, ஞாயிறு

விட்டுட்டுப் போனவதானே? நாலு மாசம் எங்க இருந்தா? அவதான் அம்மான்னு யார் கண்டா — பிள்ளை பிடிக்கிறவளா இருந்தா? நான் ஏன் தேடிக்கினு போகணும்?

பதில் எனக்கே தெரியும். குழுவுக்கு ஒரு போன் போட்டால் விசாரிப்பது அவர்கள் வேலை. போன் இந்த மேஜை மேல்தான் கிடக்கிறது.

ஸ்நேகாவுக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னினேன். என் முழங்காலில் சாய்ந்து தூங்கிப்போனாள். கால் மரத்துப்போயும் நான் அசையவில்லை. இந்த வீட்டில் என்மேல் சாய்கிறது ஒன்றே ஒன்று. கர்த்தரே, அதையும் கேட்காதீர் என்று ஜெபித்தேன். இப்படி ஒரு ஜெபம் செய்யத்தான் இல்லம் ஆரம்பித்தேனா?

16.8.2023, புதன்

இன்று ஒன்று செய்தேன். பிள்ளைகள் ஸ்லேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஸ்நேகாவுக்குப் பின்னால் போய் நின்று, மெதுவாக, "பச்சையம்மா" என்று கூப்பிட்டேன்.

ஸ்லேட் கீழே விழுந்தது. அப்படித் திரும்பினாள். 'ஸ்நேகா' என்று கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவாள். மந்தம் என்று நினைத்திருந்தேன். திரும்பியவள் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டிக் கேட்டைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

அவள் கொண்டுவந்தது ஒரு பேர் மட்டும். செருப்புகூட இல்லை. அந்தப் பேரையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டேன். லட்டு கொடுத்து.

17.8.2023, வியாழன்

குழுவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன், ஆறு நாள் சும்மா இருந்ததையும் சேர்த்து. தேதியை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார்கள். பிறகு, அந்த அம்மாவின் விலாசம் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது.

ஞானம்மாவைக் குடைந்ததில் இரண்டு விஷயம் கிடைத்தது: நீலக் கம்பெனிக் கோட்டு, காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை என்று சொன்னது. "நா இன்னா மிஸ் பண்ணுவேன், பேர் தெரியாம" என்று அழுதாள். நீ ஒன்றும் பண்ணவில்லை என்றேன். அதற்குமேல் அவளைப் பார்க்க முடியவில்லை.

19.8.2023, சனி

பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் காக்களூர். ஒரு மணியிலிருந்து ஷிப்ட் மாறும்வரை கேட் கேட்டாக நின்றேன். அங்கே எல்லாப் பெண்களுமே நீலக் கோட்டு. யாரிடம் என்ன கேட்பது? பேர் தெரியாது, முகம் தெரியாது. ஒரு செக்யூரிட்டி, கடன் வசூலிக்க வந்தவள் என்று நினைத்து விரட்டினார்.

வெயிலில் நிற்கும்போது, கிடைக்காமல் போனால் நல்லதுதானே என்று ஒரு நினைப்பு. எழுதி வைக்கிறேன். நான் யார் என்று எனக்குத் தெரிந்திருக்கட்டும்.

21.8.2023, திங்கள்

கிடைத்தாள்.

வெட்கத்தை விட்டு, வெளியே வரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் எதிரில் நின்று, "பச்சையம்மாவோட அம்மா யாராவது இருக்கீங்களா" என்று வகுப்பறைக் குரலில் கேட்டேன். மூன்றாவது கம்பெனி. சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். அதே நெற்றி, அதே காது. கேள்வியே வேண்டியிருக்கவில்லை.

பேர் சத்யா. பழவேற்காடு பக்கத்துக் குப்பம். புருஷன் ஏரியில் மூழ்கிப் போய்விட்டான். கம்பெனி ஹாஸ்டலில் பிள்ளையைச் சேர்க்கமாட்டார்கள் என்று நாத்தனார் வீட்டில் விட்டு வந்திருக்கிறாள். அம்மாவைத் தேடிப் பிள்ளை தானாகவே பஸ் ஏறிவிட்டது. நாத்தனார் பயந்துபோய், நல்லாத்தான் இருக்கிறாள், விளையாடப் போயிருக்கிறாள், தூங்குகிறாள் என்று மூன்று மாதம் போனில் பொய் சொல்லியிருக்கிறாள். ஆடிக்கு ஊருக்குப் போனபோதுதான் தெரிந்திருக்கிறது. அப்புறம் ஹோம் ஹோமாக நடை.

பேர் மாற்றியதை நானே சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"பச்சையம்மன் கோயில்ல மடிப்பிச்ச கேட்டுப் பொறந்த புள்ள மிஸ் அது. ஏழு வருசம் கயிச்சுப் பொறந்துச்சு. நீ வெச்ச பேரும் நல்லாத்தான் கீது. ஆனா நா எப்டிமா அந்தப் பேரச் சொல்லித் தேடுவேன்?"

குழுவுக்குக் கொடுக்க அவள் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டேன்.

12.9.2023, செவ்வாய்

குழுவில் விசாரணை முடிந்து, ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று எல்லாம் பார்த்துப் பிள்ளையை ஒப்படைத்தார்கள். எனக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு. நியாயம்தான். இதைவிடக் கடுமையாக நான் என் வகுப்பில் கண்டித்திருக்கிறேன்.

அம்மாவைப் பார்த்ததும் அவள் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று கத்தி அழுதாள். ஐந்து மாதமாக ஊர்ப் பேர்கூடச் சொல்லாத பிள்ளை, அன்றைக்குப் பஸ்ஸில் எங்கே உட்கார்ந்தாள், யார் முறுக்கு கொடுத்தார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. பிள்ளைகள் அப்படித்தான்.

சீப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

17.9.2023, ஞாயிறு

பேர் வைக்கும் ஞாயிறு இனி இல்லை. அவரவர் பழைய பேரைச் சொல்லுங்கள் என்றேன். எஸ்தர் துள்ளிக்கொண்டு நர்மதா ஆனாள். ஒருத்தி யோசித்துவிட்டு, புதுப் பேரே இருக்கட்டும் என்றாள். அது அவள் இஷ்டம். பதிவேட்டைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கும்போது நர்மதா கேட்டாள்: "உங்களுக்கு இன்னா பேரு மிஸ், மொதல்ல?"

மெர்சி என்றேன்.

"அது ஹோம்ல வெச்ச பேருன்னீங்களே?"

சாப்பிடப் போகச் சொன்னேன்.

7.10.2023, சனி

தாம்பரத்துக்கு அப்பால் என் பழைய ஹோமுக்குப் போய்வந்தேன். பெரிய மிஸ் போய் இருபது வருஷம் ஆகிறது. ஆபீசில் இருந்த பெண் நல்லவள், பழைய பதிவேடுகளைத் தேடி எடுத்துத் தந்தாள். என் பக்கம் செல்லரிக்காமல் சுத்தமாகவே இருந்தது. 'பெண். வயது சுமார் மூன்று. பெயர்: மெர்சி.' முந்தைய பேருக்கு அதில் இடமே விடவில்லை.

திரும்பும் ரயிலில், கும்மிடிப்பூண்டி வரும்வரை ஒரே யோசனை. அந்த நாளில் யாராவது அந்த வாசலுக்கு வந்திருப்பார்களோ? எனக்குத் தெரியாத என் பேரைச் சொல்லிக் கேட்டிருப்பார்களோ? அப்படி யாரும் இங்கே இல்லை என்று ஒரு நல்ல சமையல்காரம்மா அனுப்பி வைத்திருப்பாளோ?

25.12.2023, திங்கள்

பிள்ளைகளுக்குப் பிரியாணி. மூப்பர்கள் வந்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். காக்களூரிலிருந்து போன் வரும் என்று நினைத்தேன். அவர்களுக்கு ஷிப்ட் இருந்திருக்கும்.

10.6.2024, திங்கள்

பள்ளி திறந்தது. இந்த வருஷம் முப்பத்தொரு பேர். கடைசியாகச் சேர்ந்தவள் பேர் பச்சையம்மா, இரண்டாம் வகுப்பு. சேர்த்தவர்: சத்யா, தாய். சிப்காட்டில் வேலை மாற்றிக்கொண்டு லைன் வீட்டுக்கு வந்துவிட்டாளாம். ஏன் இந்தப் பள்ளி என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: "வாய்ப்பாடு நல்லா சொல்லிக் குடுத்துகீறீங்க மிஸ்."

பிள்ளை என்னை மிஸ் என்று கூப்பிடுகிறாள். பல் இரண்டு விழுந்திருக்கிறது. பழைய சீப்பைக் காட்டினேன். அது தன்னுடையது என்று நினைவில்லை.

நாலு மணிக்கு சத்யா கேட்டில் நின்று, தெருவே கேட்கும்படி மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். முதல் குரலுக்கே அவள் எழுந்து ஓடினாள், பையைக்கூட எடுக்காமல். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு பேரும் சூளைப் பாதையில் திரும்பும்வரை நின்றேன்.

ஞானம்மா கேட்டைச் சாத்த வந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் திறந்தே இருக்கட்டும் என்றேன்.