எங்கள் வாத்துகள் தள்ளாடிய ஞாயிறு

3-2-2025, திங்கள்
வைக்கோல்போர் போட்டாயிற்று. செம்மொழி போன் செய்தாள். பயிற்சி முடிந்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை சப்-இன்ஸ்பெக்டர் சட்டையோடு வருகிறாள். என் மகன் பெற்ற பேத்தி. அவளுக்கு முதல் எழுத்து எழுதிக் கொடுத்தது அஞ்சாவது வரை படித்த இந்தக் காத்தாயிதான். திருப்பனந்தாளில் பஸ்ஸுக்கு நின்ற எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். தெரியாதவர்களிடமும்தான்.

5-2, புதன்
இவர் வைக்கோல்போரை விட்டு நகரவே மாட்டேன் என்கிறார். மாட்டுக்கு வைக்கோல் நானே பிடுங்குகிறேன் என்கிறார். கல்யாணமாகி ஐம்பது வருஷத்தில் ஒருநாள் பிடுங்கியவரா?

6-2, வியாழன்
போய்ப் பார்த்தேன். போருக்கு அடியில் பானை. கட்டியிருந்த துணியை அவிழ்த்ததும் வாடை மூக்கில் ஏறியது. வெல்லமும் வேலம்பட்டையும் அழுகின வாழைப்பழமும் - சாராய ஊறல்!

"என்னங்க இது?"

"கத்தாத புள்ள. விக்கிறதுக்கா காச்சப் போறேன்? பேத்தி வர்ற அன்னைக்குச் சொந்தக்காரங்க வாய நனைக்க வேணாமா? எங்கப்பாரு கைப்பக்குவம்."

நாற்பது வருஷமாக விட்டிருந்த பழக்கம், போலீஸ் சட்டை வீட்டுக்கு வரும்போதா திரும்ப வரவேண்டும்?

7-2, வெள்ளி
செம்மொழியிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். "ஏண்டி, வீட்டுக்கு மட்டும்னு காச்சினா குத்தமில்லல்ல?"

"ஒரு சொட்டுன்னாலும் குத்தந்தான் அப்பாயி. ஊறல் வச்சிருந்தாலே கேசு. ஏன் கேக்குறீங்க?"

"டிவில பாத்தேன்."

போனை வைத்துவிட்டேன். தாத்தா மேலே அவளே கேஸ் எழுதுவதா? எழுதாமல் விட்டது வெளியே தெரிந்தால் அவள் வேலை? எத்தனை வருஷப் படிப்பு!

8-2, சனி
இவர் முடி வெட்டிக்கொள்ளப் போன நேரம் பார்த்துப் பானையை எருக்குழியில் கவிழ்த்தேன். மேலே இரண்டு கூடை குப்பை. கழுவின பானையை உள்ளே வைத்துவிட்டேன். முடிந்தது.

9-2, ஞாயிறு
முடியவில்லை.

செம்மொழி வந்தாள். தோளில் இரண்டு இரண்டு நட்சத்திரம். ஆரத்தி எடுத்தேன், என் கண்ணே பட்டிருக்கும். வாசற்படி ஏறப் போனாள் - கொல்லையிலிருந்து எங்கள் எட்டு வாத்துகளும் வந்தன. எருக்குழியைக் கிளறித் தின்றிருக்கின்றன பாவிகள். ஒன்று தூணில் முட்டியது. ஒன்று மல்லாந்து காலை ஆட்டியது. பெரிய வாத்து நேராக வந்து செம்மொழியின் பூட்ஸ் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது.

குனிந்து முகர்ந்தாள்.

"டிவிலதானே பாத்தீங்க அப்பாயி?"

நான்தான் வைத்தேன் என்று சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் இவர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். "நாந்தாம்மா. கொட்டுனது மட்டுந்தான் உங்கப்பாயி."

"நான் இன்னும் ஸ்டேஷன்ல சேரல. தப்பிச்சீங்க தாத்தா. அடுத்த தடவ நானே கையப் புடிச்சு ஜீப்புல ஏத்துவேன்."

சிரிக்காமல்தான் சொன்னாள். இவர் உள்ளே போய், தன் அப்பா காலத்திலிருந்து சாராயம் காய்ச்சிய செம்புக்குழாயையும் அந்தப் பானையையும் கொண்டுவந்தார். சுத்தியல் கேட்டார். யாரும் சொல்லாமல் தானே பானையை உடைத்து, குழாயையும் நசுக்கினார்.

பந்தியில் எல்லாருக்கும் பன்னீர் சோடா. கறிக்குழம்போடு அதைக் குடித்த என் தம்பி குணசேகரன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

10-2, திங்கள்
வாத்துகளுக்குத் தலைவலி போல. ஒரு முட்டைகூட இல்லை.

4-3, செவ்வாய்
செம்மொழி போன். வேலையில் சேர்ந்து முதல் கேஸாம். ரோந்து போன தெருவில் வாத்துகள் தள்ளாடியிருக்கின்றன. ஜீப்பை நிறுத்தி, அவை வந்த வழியே நடந்திருக்கிறாள். வைக்கோல்போருக்கு அடியில் நாலு பானை ஊறல்!

"புதுசா வந்த பொண்ணு, எப்படிம்மா கண்டுபுடிச்ச?" என்றாராம் இன்ஸ்பெக்டர்.

"ஊர்ல வாத்து வளக்குறோம் சார்."

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. இவரிடம் சொன்னேன். விருட்டென்று எழுந்து போனார். கோபமோ என்று கொல்லையில் எட்டிப் பார்த்தேன். ஒரு மரக்கால் நெல்லை அப்படியே வாத்துகளுக்குக் கொட்டிவிட்டு, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார்.