ஃபேன் இறக்கையில் என் பெயர்

மூக்கண்டப்பள்ளி
2.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

போன் இருக்கும்போது கடிதம் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். தம்பி விமல் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான்; நான் பேசுவதைத் தெருவே கேட்கிறது. செல்வம் அண்ணன் ஞாயிறுதோறும் இங்கிருந்து ஊருக்கு வருகிறாரே, அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். இந்த மாதம் பணம் அனுப்ப முடியவில்லை. வீண்செலவு செய்யவில்லை அப்பா. வாடகை, தண்ணீர் கேன், கேஸ் எல்லாம் நாலு பேர் பங்கு. மெஸ்ஸில் ஒரு பார்சல் குழம்பு வாங்கி இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்கிறேன். ஆனால் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக்குக்கும் பங்கு கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்று படுத்துக்கொள்வேன். "ஏண்டி கவி, உன் வயித்துவலிக்கு ஞாயித்துக்கிழமைதான் டூட்டியா?" என்று ரூமில் இருக்கும் பிரவீனா கேட்டாள். நானும் சிரித்தேன்.

இப்போது விடிவதற்குள் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. விரல்களில் கொஞ்சம் கீறல். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் மகள்,
கவிப்ரியா


வேப்பனப்பள்ளி
9.3.2025

கவி கண்ணுக்கு அப்பா எழுதறது.

பணம் இல்லாட்டி போவுது சாமி, அடுத்த மாசம் அனுப்பு. வேலை கத்துக்கறப்ப கீறல் படத்தான் செய்யும். மிசினுகிட்ட பாத்து நில்லு.

ஒரு நல்ல சேதி. மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு ஃபேன் வாங்கித் தரேன்னு போய்க் கேட்டேன். இத்தனை வருசமா நம்ம தெருக் காசை வாங்காத கமிட்டி, இந்தத் தடவை சரின்னுடுச்சி. தலைவர் கமலக்கண்ணனே, "சென்னப்பா, உம் பொண்ணு கம்பெனில இன்ஜினியராமே, அது பேருலயே எழுதிடு"ன்னாரு. தவணைல எடுத்துட்டேன், நீ கட்டிக்குவ. வெள்ளிக்கிழமை பெயிண்டர் வரான். மூணு இறக்கையிலயும் எழுதறான்: உபயம் செ. கவிப்ரியா பி.இ.

உங்கம்மா அதையே சொல்லிச் சொல்லித் தூங்க மாட்டேங்குது. பண்டிகைக்கு வரப்ப கம்பெனி அட்டையைக் கழுத்துல போட்டுகிட்டே வா. பஸ்ஸுல கழட்டிடாத.

அப்பா
சென்னப்பன்


மூக்கண்டப்பள்ளி
13.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

அட்டை என்னிடம் இல்லை. பயிற்சி வருடம் முடிந்ததும் எங்கள் பேட்ச் முழுவதையும் நிறுத்திவிட்டார்கள். கேட்டிலேயே அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். போன கடிதத்துக்கு முன்பே நடந்தது இது. எழுத மனம் வரவில்லை. அதற்குப் பிறகு வேலை கேட்டு ஏறி இறங்கிய கம்பெனியில் எல்லாம் சொல்லி அனுப்புகிறோம் என்கிறார்கள்.

இப்போது பாகலூர் ரோட்டில் ஒரு ரோஜாப் பண்ணை ஷெட்டில் முள் நீக்கிப் பூக்கட்டு போடுகிறேன். தினக்கூலி. அம்மா களையெடுக்கப் போவது போலவே நானும் டெம்போவில் நின்றுகொண்டு போகிறேன். "இன்ஜினியரம்மா, கட்டுல ரெண்டு பூ கொறையுது. அதுங்க பெங்களூருக்கு நடந்தே போயிடுச்சா?" என்பார் மேஸ்திரி. எல்லோரும் சிரிப்பார்கள். கெட்டவர்கள் இல்லை, பூங்கொடி அக்கா தன் சோற்றில் எனக்கும் வைக்கிறார். ரூமில் யாருக்கும் தெரியாது. கம்பெனிக்குப் போகிறேன் என்றுதான் பிரவீனா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாத வாடகைக்கு என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஃபேன் தவணையை என்னால் கட்ட முடியாது அப்பா.

கமிட்டி முன்னால் நீங்கள் எப்படி நின்று கேட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றிருப்பீர்கள். அதனால்தான் இதைச் சொல்ல இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

செல்வம் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். அதற்குள் பெயிண்டர் எழுதி முடித்திருப்பார். ஃபேன் சுற்றும்போது பெயர் எங்கே தெரியப்போகிறது என்று அம்மா கேட்கலாம். நம் ஊரில் கரண்ட் எத்தனை முறை போகிறது!

எனக்கு வீட்டுக்கு வர வேண்டும். அந்தப் பெயர் அங்கே இருக்கும்வரை எந்த முகத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்குவேன்? ஃபேன் இருக்கட்டும். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தால் பெயிண்ட் போய்விடும். மூன்று இறக்கையிலும் நீங்களே அழித்துவிடுங்கள் அப்பா.

கவி