ஒன்றாம் மண்டலத்து மனை

அன்புள்ள ஹெர்மினியாவுக்கு,

உன் இருமல் குறைந்ததா? பிள்ளைகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? நான் சுகம்தான். நான் வேலை பார்க்கும் பப்பாளித் தோட்டத்தைச் சில நாளுக்கு மூடியிருப்பதால் ஓய்வாகவே இருக்கிறேன்.

பயப்படாமல் படி. வியாழக்கிழமை காலை நம் தெருவில் தார் பிளந்து புகை வந்தது. மதியத்துக்குள் எரிமலைக் குழம்பு பீறிட்டது. பாஸ்போர்ட்டையும் சேவலையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். இப்போது பஹோவா ஊர் விளையாட்டரங்கில் எல்லோருடனும் தங்கியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு புவானானி ஆன்ட்டியும் இங்கேதான். எரிமலை அபாய வரைபடத்தைக் காட்டினார். இந்தத் தீவை ஒன்பது மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். நம் மனை ஒன்றாம் மண்டலம்.

"மனை வாங்கறப்பவே சொல்லியிருப்பாங்களே, கேக்கலையா?" என்றார்.

"சொன்னாங்க ஆன்ட்டி. ஒண்ணுன்னா முதல் தரம்னு நெனச்சேன்."

"அட மடையா! ஒண்ணுன்னா முதல்ல எரியறதுடா!" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அவர் வீடும் போய்விட்டது.

ஆமாம், ஹெர்மினியா, நம் வீடும்தான். வானிலிருந்து எடுத்த படத்தில் பார்த்தேன், மனை மேல் இரண்டு ஆள் உயரத்துக்குக் குழம்பு. ஊரிலிருந்து உங்களை அங்கேதானே கூட்டிவர இருந்தேன்! நீங்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தால்?

பள்ளிக்கூட வேலையை விடாதே. இங்கே வருவதற்காக ராஜினாமாவைக் கொடுத்துவிட்டிருந்தால், தலைமையாசிரியர் காலில் விழுந்தாவது திருப்பி வாங்கு. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் போர்வை ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு. தோட்டத்து அலுவலக முகவரிக்கே போடு; வீட்டு முகவரியில் இனி யாரும் இல்லை.

சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன்
ஃப்ளோரான்டே