அதே அடைப்பு, வேறு மாத்திரை

என்னங்க,

காலையிலிருந்து தாடையும் முதுகும் இழுத்துப் பிடிக்கிறது. இப்போது வியர்த்துக் கொட்டுகிறது. போன் அடித்தேன், அச்சகத்தில் மெஷின் ஓடுகிற சத்தத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது. பக்கத்து வீட்டு அக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். அவள் காரை வெளியே எடுப்பதற்குள் எழுதுகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சுட வைத்துச் சாப்பிடுங்கள்.

நேற்றுச் சண்டையைக் கிளறவில்லை. ஆனால் சொல்லாமல் போகவும் மனசில்லை. ஒரே டாக்டர்தான் பார்த்தார். இரண்டு பேருக்கும் இதயக் குழாயில் அடைப்பு. உங்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒரு மாத்திரை. எனக்கு மட்டும் தூக்க மாத்திரை. "பொம்பளைங்களுக்கு மனக்கவலைதாம்மா பாதி நோய்"னு சிரித்தார். நீங்களும் தலையாட்டினீர்கள். "டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று நேற்றும் கேட்டீர்கள்.

எனக்குத் தெரியாதுதான். நான் நன்றாகத் தூங்கினேன். அடைப்பு தூங்கவில்லை.

தினமும் உங்கள் மாத்திரையை எடுத்துக் கையில் தரும்போது, நானும் ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்று தோன்றும். இன்னொருவர் மருந்தாயிற்றே என்று டப்பாவை மூடிவிடுவேன்.

என் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொண்டு வாருங்கள். உங்கள் பைலில் கடைசியில் இருக்கும். எனக்கென்று நாம் தனியாக பைல் போடவில்லை.

அங்கேயும் யாராவது மனக்கவலை என்றால், தயவுசெய்து தலையாட்டாதீர்கள்.

பி.கு: ராத்திரிக்கு உங்கள் மாத்திரை டம்ளர் பக்கத்தில் இருக்கிறது. நாளைக்கு உள்ளதை எடுத்து வைக்க முடியவில்லை, அக்கா ஹாரன் அடிக்கிறாள். எது எந்த வேளைக்கு என்று மாத்திரை அட்டையிலேயே எழுதியிருக்கிறது. பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.