காய்த் தட்டில் ஒரு கைத்தடம்

மதினி,

முந்தாநாள் மதுரை ரயிலில் மேடைப் படுதா வந்து இறங்கியது. ஆயுத பூசை நாடகத்துக்காக வாடகைக்கு எடுத்தது. ஏலக்காய்க் கிட்டங்கிக்குள் கொண்டுவந்து, நாம் உட்கார்ந்து காய் பொறுக்கும் தரையைக் கூட்டிவிட்டு, நாலு பேர் சேர்ந்து பிரித்தார்கள். கோந்தும் சுண்ணாம்பும் கலந்த பழைய வாடை கிளம்பி ஏலக்காய் மணத்தையே அமுக்கிவிட்டது. விரித்துப் பார்த்தால் அரண்மனை. எட்டுத் தூண், சிவப்பு விரிப்பு, இரண்டு ஓரத்திலும் இரண்டு மயில்.

மேஸ்திரி மாமா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எப்படி இருக்கு? இதுக்கு முன்னால நின்னா உளவாளி சும்மா ராசா கணக்கா தெரிவான்ல?" என்றார். உளவாளி வேடம் அவருக்குத்தான்.

நம் உளவாளி, மதினி. நீங்கள் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதி, இப்போது நாடகமாகப் போடுகிற கதையின் ஆள். மலைப்பாதையின் வரைபடத்தைத் திருட எல்லை தாண்டி வந்து, போடிமெட்டுக்கு மேலே காய் உலர்த்தும் ஸ்டோரில் ஒளிந்திருக்கிறவன். அவனுக்குப் போய் அரண்மனையும் மயிலும். நீங்கள் இருந்திருந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள். நான் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. போகிறவர்கள் கதையை விட்டுவிட்டுப் போனால், அதைக் காப்பாற்றும் பேச்சையும் விட்டுவிட்டல்லவா போகவேண்டும்?

நீங்கள் தேவாரம் ஊரிலிருந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில், என்னைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு டூரிங் கொட்டகைக்குப் போனீர்களே, அந்த முதல் படம் நினைவிருக்கிறதா? பெண்கள் பக்கத்து மணலில் உட்கார்ந்திருந்தோம். உளவாளிப் படம். எல்லோரும் கதாநாயகன் முகத்தைப் பார்த்தார்கள். நீங்கள் அவனுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தீர்கள். வில்லன் கோபமாகக் கதவைச் சாத்தியதும் கருங்கல் சுவர் முழுவதும் ஒரு தடவை படபடத்து அடங்கியது. "ஏ பிள்ள, பாத்தியா? சுவரு மூச்சு விடுது," என்று என் தொடையில் அடித்தீர்கள். முன்னால் இருந்த பெண் திரும்பி, "படம் பாக்க வந்தீகளா, கொத்தனாரு சோலிக்கு வந்தீகளா?" என்றாள். அதற்கும் சிரித்தீர்கள்.

மலை வந்தபோது வெள்ளைப் புகையை மேலேயிருந்து இறக்கினார்கள். "பனி மேல இருந்து எறங்காது. பள்ளத்துல இருந்து ஏறி வரும். இவங்க ஒரு தடவகூட மெட்டுக்குப் போனதில்ல போல," என்றீர்கள். வில்லனுடைய ரகசிய அறையைக் காட்டினார்கள். நாற்காலி, டெலிபோன், சுவரில் புலித்தலை. நீங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "தண்ணிப் பானை எங்க?" என்று கேட்டீர்கள். எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது சொன்னீர்கள்: "ஒரு மனுசன் இருக்கற இடம்னா தண்ணி வேணும்ல? அங்க எவனும் இருக்கல. அதான் எனக்குப் பயமே வரல."

அதற்கு முன்பு நானும் படம் பார்த்திருக்கிறேன். ஆனால் இடம் என்பது ஆட்கள் நிற்பதற்கான தரை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆறாம் வகுப்போடு, பெரியவளானதும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். கிட்டங்கிக்கு வந்து பெண்களோடு சுளகு பிடித்து உட்கார்ந்தேன். ஒரு வருடம் யாரோடும் பேசவில்லை. கேட்டால் தலையாட்டுவேன். நீங்கள்தான் அதை உடைத்தீர்கள், அதுவும் நான் அறியாமலே. கை காயைப் பொறுக்க, வாய் கதை சொல்லும் உங்களுக்கு. ஆளைச் சொல்வதற்கு முன்னால் இடத்தைச் சொல்வீர்கள். நடுவில் ஒன்றை மறந்ததுபோல நிறுத்துவீர்கள். "அந்த ஸ்டோருக்குக் கதவு எந்தப் பக்கம்? எனக்கு ஞாபகம் இல்ல. எங்க நாத்துனாளத்தான் கேக்கணும்." முப்பது பெண்களும் என்னைப் பார்ப்பார்கள். எனக்குக் காது சுடும். "தெக்குப் பக்கம், மதினி," என்பேன். அவ்வளவுதான். தினம் ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு படி. அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் கிட்டங்கியில் பேசிய பேச்சு மொத்தமும் அதுதான்.

பிறகு அண்ணன் ஜீப்பில் நம்மை மேலே கூட்டிப்போன அந்த ஐப்பசி. வளைவுக்கு வளைவு நீங்கள் வாந்தி எடுத்தீர்கள். மெட்டில் இறங்கியதும் முகம் கழுவிவிட்டு, "இங்க நில்லு, காதக் குடு," என்றீர்கள். பனிக்குள் ஒரு ஜீப்பு உறுமியது. வெகு நேரம் கழித்துத்தான் அதன் விளக்கு தெரிந்தது. திருவிதாங்கூர் பக்கத்திலிருந்து வருகிறதா, நம் பக்கத்திலிருந்தா என்று கடைசிவரை சொல்ல முடியவில்லை. "பாத்தியா? சத்தம் முதல்ல வந்துருச்சு, ஆளு இன்னும் வரல. இதுக்குப் படுதா எதுக்கு?"

ஸ்டோருக்குள் போனோம். ஜன்னல் எல்லாம் அடைப்பு. தரையில் அடுப்பின் சூடு ஓடும் இரும்புக் குழாய்கள். அதற்கு மேலே அடுக்கடுக்காகக் கம்பித் தட்டுகள், தட்டு நிறையக் காய், ஒரே மட்டமாகப் பரப்பியது. மூச்சு விட்டால் மூக்கு சுட்டது. நான் சும்மா இருக்காமல், சூடு பார்க்க ஒரு தட்டில் கையை அழுத்திவிட்டேன். ஸ்டோர்க்காரர் பாய்ந்து வந்தார். "எவ அது தட்டுல கை வச்சது? மட்டம் கொலஞ்சா காய் ஒண்ணுபோலக் காயுமா?" நான் அழுதுவிட்டேன். நம் கிட்டங்கியிலும் அதுதானே சட்டம்? மேஸ்திரி பார்த்து முடித்துப் பரப்பிய தட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. தெரிந்தே செய்துவிட்டேனே என்று வெட்கம்.

நீங்கள் என் கண்ணைத் துடைக்கவில்லை. தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். காயில் என் ஐந்து விரலும் பள்ளமாகப் பதிந்து கிடந்தன.

"ஏ பிள்ள, அழுகைய விடு. இங்க பாரு. ஆளு நீ நகந்துட்ட, கை இங்கயே இருக்கு," என்றீர்கள். குரல் மாறியிருந்தது.

உளவாளி மறைவதற்கு ஒரு ரகசியக் கதவு வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். இறங்கி வரும்போது அதை அடிக்கச் சொன்னீர்கள். நான் விடவில்லை. கதவும் இருட்டும் இல்லாமல் எப்படிப் பயம் வரும் என்று கேட்டேன். "இருட்டு எல்லா வீட்லயுந்தான் இருக்கு. நெதம் பாக்கற இடத்துல ஒண்ணே ஒண்ணு மாறிக் கிடக்கணும். அதப் பாத்தாத்தான் வயித்துல சில்லுங்கும்." ஜீப்பின் ஆட்டத்தில் கோணல் மாணலாக அடித்தேன். அந்தக் கோடு இன்னும் நோட்டில் இருக்கிறது.

மாசியில் மலைக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. அதைப் பற்றி எழுதப்போவதில்லை. அண்ணன் ஜீப்பை எடுத்துக்கொண்டு மருந்துக்கு ஓடிய நாட்களை அவரே இன்னும் பேசவில்லை.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்லவேண்டும்.

சாயங்காலம் வேலை முடிந்து, மேஸ்திரி மாமா படுதாவைக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் போய் அவர் முன்னால் நின்றேன்.

"என்ன பிள்ள, காலு கடுக்க நிக்கிற? வெரசா சொல்லு, சோலி கெடக்கு."

"இந்தப் படுதா வேண்டாம் மாமா."

கிட்டங்கியே திரும்பியது. அவருக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "பேசுறது நீதானா? ஏன், மயிலு நல்லாத்தான இருக்கு?"

கருப்பாயி அக்கா மூட்டை மேலிருந்து, "ஒளிஞ்சிருக்கறவன் மயிலு வளத்தா அது அகவியே காட்டிக் குடுத்துராதா?" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். மாமா முகம் சிவந்தது.

"சரிம்மா, படுதா வேண்டாம். பெறகு எதைக் காட்டுறது?"

"நம்ம கிட்டங்கியத்தான் மாமா. சாக்கு, தட்டு, காய்."

"நல்லா இருக்கு! சனம் நாள் பூரா காயைத்தான் பாக்குது. பூசையன்னிக்கும் குளிச்சு முழுகி, பொட்டு வச்சு, அதே காயைப் பாக்கவா வரும்?"

"அதனாலதான் மாமா," என்றேன். அதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை. "எல்லாரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க. நான் கூப்பிட்டதும் வாங்க. பிடிக்கலேன்னா மயிலையே கட்டுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வெளியே போனார். இது தோற்றால் நம் கதை அரண்மனையில் நடக்கும். ஊர் சிரிக்கும். நீங்கள் சொன்னது என்று ஒன்றும் மிஞ்சாது.

மேற்கு ஜன்னலை அடைத்தேன். மூட்டைகளை இரண்டு பக்கமும் இழுத்து, ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுக்குச் சந்து விட்டேன். அரிக்கேன் விளக்கை மேலே மாட்டாமல் தரையில், மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். சாக்கு நிழல் கூரை வரை ஏறியது. மூலையில் தண்ணீர்ப் பானை. மூடி மேலே லோட்டாவைக் கவிழ்த்து, அதில் ஈரம் சொட்டவிட்டேன். யாரோ இப்போதுதான் குடித்தாற்போல. மூன்று தட்டுகளில் காய் பரப்பி, மட்டம் பார்த்து, வாசலைப் பார்க்கச் சற்றுச் சாய்த்து வைத்தேன். நடுத்தட்டில் கையை அழுத்தினேன். என் கை சின்னது. பக்கத்தில் இன்னொரு தடவை அழுத்தி, விரலை நீட்டி, அதை ஒரு ஆம்பிளைக் கையாக்கினேன்.

"வாங்க மாமா."

அவர் முதலில் வந்தார். பின்னால் பெண்கள். சந்து வழியே வந்து நின்றார். லோட்டாவைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார்.

"எவ கை வச்சது தட்டுல?"

நாடகப் பேச்சு இல்லை, மதினி. நிஜமான மேஸ்திரிக் குரல். கிட்டங்கி அப்படியே நின்றது. ஒவ்வொருத்தியும் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். ஒரு தப்பும் செய்யாத கருப்பாயி அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மாமா கிட்டே போய்த் தன் கையை அந்தத் தடத்துக்கு மேலே பிடித்து அளவு பார்த்தார். பிறகு மூட்டைச் சந்துக்குள் திரும்பிப் பார்த்தார், அங்கே யாரோ இருப்பதுபோல.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குப் புரிந்தது. அப்படியே மூட்டையில் உட்கார்ந்துவிட்டார். "ஆத்தாடி! நாந்தான் உளவாளி, எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. யாரு பிள்ள சொல்லிக் குடுத்தது?"

"மதினி," என்றேன்.

அவர் எழுந்து, "படுதாவச் சுருட்டுங்கப்பா," என்றார். கருப்பாயி அக்கா, "மயில மட்டும் வெளிய விடுங்க, பாவம், மேயட்டும்," என்றாள். எல்லோரும் சிரித்தபோது நானும் சத்தமாகச் சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

நாடகம் தொடங்கும் முன்னால் இடத்தைச் சொல்ல ஒரு குரல் வேண்டும் என்று மாமா சொன்னார். நான்தான் சொல்லவேண்டும் என்று பெண்கள் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். சனத்துக்கு முன்னால் இல்லை, மூட்டைக்குப் பின்னால் நின்றுதான். ஆனாலும் ஊரே கேட்கும். நான் "மாட்டேன்" என்று சொல்லவில்லை.

நாளை மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் ஆரம்பம். இன்று காலையிலிருந்து கிணற்றடியில் நின்று சொல்லிப் பார்க்கிறேன். "இது மெட்டுக்கு மேலே ஒரு காய் ஸ்டோர். ஜன்னல் எல்லாம் அடைத்திருக்கிறது. அடுப்பு எரிகிறது. எரியவைத்த ஆளைக் காணோம்." நாலாவது வரியில் குரல் உடைகிறது. உடையட்டும். நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போய்விடப் பழகியிருக்கிறேன்.

உங்கள் சேலைகளை அண்ணன் உங்கள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் எதையும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டியது என்னிடம் இருக்கிறது. எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் விளக்கு எங்கே, தண்ணீர் எங்கே, எது மாறிக் கிடக்கிறது என்று என் கண் முதலில் தேடுகிறது.

மறந்ததுபோல நிறுத்திவிட்டு என்னைப் பார்க்க நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். அதனால் யாரும் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன்.

கதவு தெற்குப் பக்கம், மதினி.